இரு கண்ணுக்கு இரு படம்

விக்டோரியா காலத்து இல்லங்களில் பொழுதுபோக்கிய ஒளியியல் விளையாட்டுக் கருவிகளுள், தட்டைத் தாளில் ஆழத்தைக் காட்டிய ஸ்டீரியோஸ்கோப் தமிழகத்தோடு நேரடித் தொடர்புடையது. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக 1856இல் அமர்த்தப்பட்ட லின்னேயஸ் டிரைப், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், மதுரை முதலிய ஊர்களைப் பெரிய படங்களாக எடுத்ததோடு நில்லாமல், இக்கருவியில் வைத்துப் பார்ப்பதற்கென்றே இரட்டைப் படங்களையும் எடுத்து 1858இல் தனித் தொகுதிகளாக்கினார்.

மனிதக் கண்களுக்கிடையே ஏறத்தாழ 6.5 செ.மீ. இடைவெளி இருப்பதால், ஒரே காட்சியை அவை சற்றே வேறுபட்ட கோணங்களில் காண்கின்றன. அருகிலுள்ள பொருள் மிகுதியாகவும் தொலைவிலுள்ளது குறைவாகவும் இடம்பெயர்ந்து தெரியும் இந்த வேறுபாடே இடமாறு தோற்றம் எனப்படுவது. அதை மூளை ஆழமாக உணர்கிறது. சார்லஸ் வீட்ஸ்டன் இதனை 1838இல், ஒளிப்படக்கலை உலகிற்கு அறிவிக்கப்படுவதற்கு முன்பே, வெறும் கோட்டோவியங்களையும் இரு கண்ணாடிகளையும் கொண்டு மெய்ப்பித்தது வியப்புக்குரியது. டேவிட் புரூஸ்டர் 1849இல் கண்ணாடிகளுக்குப் பதில் வில்லைகளைப் பொருத்திச் சிறு பெட்டியாக்கினார். 1851 லண்டன் கண்காட்சியில் அரசியாரே அதைப் பாராட்டியபின் அது வீடுதோறும் பரவியது.

அன்று திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் அடங்கியிருந்த, இன்று பெரம்பலூர் மாவட்டத்திலுள்ள ரஞ்சன்குடிக் கோட்டை, இக்கருவியின் செயலை விளக்க மிகப் பொருத்தமான இடமாகும். மூன்று நிலைகளில் உயரும் அக்கோட்டையை ஒற்றைப் படமாக எடுத்தால் மதிலும் மேல்மதிலும் உச்சியும் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டியதுபோல் தோன்றும். கேமராவைச் சற்று வலப்புறம் நகர்த்தி மற்றொரு படமும் எடுத்தாலோ, முன்னிருக்கும் அரைவட்டக் கொத்தளத்தின் வலது விளிம்பை ஒட்டி முதற்படத்தில் மறைந்திருந்த பின்மதிற் கல் இரண்டாவதில் வெளிப்படும். இவ்விரண்டையும் ஒரே அட்டையில் ஒட்டிப் பார்க்கையில், வில்லைகளின் விளிம்புப் பகுதிகள் ஒளியை வளைத்து இரு படங்களையும் நடுவில் பொருந்தச் செய்வதால், கொத்தளம் முன்வந்து மதில் பின்வாங்கி, இடையிலுள்ள வெளி கண்ணுக்குப் புலனாகிறது. ஆகவே, டிரைப்பின் இரட்டைப் படங்களில் ஒன்றை மட்டும் அச்சிடுவது அவர் காட்ட விரும்பியதில் பாதியை இழப்பதாகும்.



அச்சிடுவோருக்கும் இதில் மிகுந்த கவனம் வேண்டியிருந்தது. இரட்டை வில்லைக் கேமராவில் எடுத்த எதிர்ப்படத்தை அப்படியே அச்சிட்டால் இடமும் வலமும் மாறிவிடுமாதலால், தாளை நடுவே வெட்டி இடமாற்றி ஒட்டினர். அவ்வாறு ஒட்டத் தவறினால், அருகிலிருக்கும் கொத்தளம் தொலைவிலும் பின்மதில் முன்னேயுமாக ஆழம் தலைகீழாகத் தோன்றும்.