பாரம் போகும் பாதை

சென்னைக்கு வடக்கே, ஆந்திர எல்லையைத் தாண்டியதும் வருகிற ஸ்ரீசிட்டியில், 2016ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் திறக்கப்பட்ட இசுசு தொழிற்சாலையிலிருந்து வெளிவரும் டி-மாக்ஸ் வி-கிராஸ் என்ற பிக்அப் வண்டி, முன்னால் ஐந்து பேர் அமரக்கூடிய அறையும் பின்னால் திறந்த சரக்குத் தொட்டியுமாக ஐந்தேகால் மீட்டருக்கும் சற்று மேற்பட்ட நீளம் உடையது. மயிலாப்பூர் மாட வீதிகளில் அதைத் திருப்பி எடுப்பதே ஒரு சாதனை என்றாலும், அடையாற்றிலும் தியாகராய நகரிலும் அதை வாங்கி நிறுத்திவைத்து, விடுமுறை நாள் விடியுமுன் மலைப்பாதைகளையும் ஆற்று மணலையும் நாடிப் புறப்படும் ரசிகர்கள் ஒரு கூட்டமாகவே இருக்கிறார்கள். இவர்களில் பலருக்கு வண்டி தொழிற்சாலையிலிருந்து வந்த கோலத்திலேயே இருப்பதில் திருப்தியில்லை. எஞ்சினுக்கு அடியில் பாறை மோதாமல் ஒரு காப்புத் தகடு, பக்கவாட்டில் இரும்புக் குழாய்ப் படிகள், தொட்டியின் மேல் கூடாரமும் உபரிச் சக்கரமும் ஏற்ற ஒரு சட்டம் என்று ஆசைகள் ஒன்றன்பின் ஒன்றாக வளர, ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் விசாரித்து, அங்கே தமக்கு வேண்டிய அளவில் கிடைக்காதபோது, கூவத்தின் அருகே பழைய வண்டிகளைப் பிரித்து விற்பதில் பிரசித்தி பெற்ற புதுப்பேட்டைப் பக்கம் ஏதாவதொரு பட்டறையில் செய்துகொள்கிறார்கள்.

இது சென்னைக்குப் புதிய வழக்கம் அன்று. மவுண்ட் ரோடு சிம்சன் கம்பெனி 1840இல் குதிரை பூட்டும் கோச்சு வண்டிகள் கட்டும் ஸ்தாபனமாகத்தான் ஆரம்பித்தது. அடிச்சட்டத்தை ஒருவர் செய்ய, மேற்கூட்டை இன்னொருவர் கட்டுவது என்ற அந்த முறையை இன்றும் கரூரின் பஸ் பட்டறைகளிலும் நாமக்கல்லின் லாரிப் பட்டறைகளிலும் காணலாம். பிக்அப் வண்டியும் அதே வம்சம்தான். சாதாரணக் காரில் உடலே எலும்பாகவும் இருக்க, இதிலோ இரண்டு நீண்ட எஃகுத் தண்டவாளங்களும் அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்களுமாக ஏணி போன்ற அடிச்சட்டம் தனியே இருந்து, அதன்மேல் அறை தனியாகவும் தொட்டி தனியாகவும் ரப்பர் மெத்தைகளின் மீது அமர்ந்திருக்கின்றன. ஆகவே மாற்றம் செய்வதற்கு இடம் தாராளமாக உண்டு. தவறு செய்வதற்கும் அதே அளவு தாராளம் உண்டு.

ஒரு புதிய பாகத்தைப் பொருத்துவது என்றால், அதுவரை ஒரு வழியாகச் சென்றுகொண்டிருந்த பாரத்துக்கு வேறொரு வழியைத் திறந்துவிடுவது என்று அர்த்தம். பட்டறைக்குச் செல்லுகிறவர்கள் பொதுவாகப் பாகத்தின் கனத்தையும் தோற்றத்தையும்தான் பார்க்கிறார்களேயொழிய, அதன் மீது விழும் பாரம் எந்த வழியாகச் சக்கரத்துக்கும் தரைக்கும் போய்ச் சேருகிறது என்பதை விசாரிப்பதில்லை. இந்தக் கலையின் சாஸ்திரம் முழுவதும் அந்த விசாரணையில்தான் இருக்கிறது.

தொட்டிச் சட்டத்தையே எடுத்துக்கொள்வோம். வண்டியின் அறைக்கும் தொட்டிக்கும் இடையில் இரண்டு விரல் நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி இருப்பதைப் பார்த்த சிலர், அதை உற்பத்தியாளரின் கஞ்சத்தனம் என்று எண்ணி, அறையின் கூரையையும் தொட்டியின் விளிம்பையும் ஒரே குழாய்ச் சட்டத்தால் இறுகப் பிணைத்துவிடுகிறார்கள். ஒரு காலுக்கு அடியில் கல் வைத்த கயிற்றுக் கட்டில் முறுக்கிக்கொள்வது போல, ஒரு சக்கரம் பாறைமேல் ஏறியதும் அடிச்சட்டம் முறுக்கிக்கொள்கிறது. அப்போது அறை ஒரு பக்கமும் தொட்டி மறுபக்கமும் சாய்வதற்காகவே அந்த இடைவெளி விடப்பட்டிருக்கிறது. இரண்டையும் பிணைத்தால், அடிச்சட்டத்தின் முறுக்கம் முழுவதும் அந்தக் குழாயின் வெல்டிங்கில் வந்து நிற்கும். சில மாதங்களில் வெல்டிங்கோ கூரைத் தகடோ இரண்டில் ஒன்று பிளக்கும். தொட்டியில் மட்டும் ஊன்றிய சட்டத்துக்கு இந்த விபரீதம் இல்லை.

அடிச்சட்டத்தில் துளை போடுவதும் இத்தகைய விஷயமே. இழுவிசைக்கு உட்பட்ட அகன்ற தகட்டில் ஒரு வட்டத் துளை இட்டால், துளையின் விளிம்பில் அழுத்தம் மற்ற இடங்களைப்போல் மூன்று மடங்காகிவிடுகிறது என்பதை ஜெர்மானியரான கிர்ஷ் 1898இலேயே கணக்கிட்டுக் காட்டிவிட்டார். அதற்கு முன்பே, ரயில் அச்சுகள் தாங்கக்கூடிய பாரத்தைவிடக் குறைந்த பாரத்திலேயே, ஆனால் லட்சக்கணக்கான தடவை மாறி மாறி வரும் பாரத்தில், முறிந்துவிடுவதை வோலர் என்பவர் ஆராய்ந்து, உலோகத்துக்கும் களைப்பு உண்டு என்று நிரூபித்திருந்தார். வளையும் சட்டத்தில் அழுத்தம் மிகுதியாக இருப்பது மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும்; நடுமட்டத்திலோ ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. எனவே துளை அவசியமானால் சட்டத்தின் செங்குத்து முகத்தில், நடுவாக்கில் போடலாம். மேல் கீழ் விளிம்புகளில் ஒருபோதும் போடலாகாது. தொழிற்சாலையே விட்டிருக்கும் துளைகளைப் பயன்படுத்துவது இதைவிட உத்தமம்.

இனிப் பாகம் செய்யும் விதம். நல்ல பட்டறைக்காரர் முதலில் இரும்பைத் தொடுவதில்லை. பிரிட்ஜ் வந்த அட்டைப் பெட்டியைக் கிழித்து, வண்டியின் அடியில் மல்லாந்து படுத்து, போல்ட் தலைகள் எங்கே வருகின்றன, எண்ணெய் மாற்றும் திருகு எங்கே இருக்கிறது என்றெல்லாம் விரலால் அழுத்தித் தடம் பதித்து, கத்தரித்து, மடித்து, மறுபடி கத்தரித்து, அட்டை பொருந்திய பிறகே தகட்டில் சாக்குக்கட்டியால் வரைகிறார். ஆனால் அட்டையைப்போல் இரும்பு மடிவதில்லை. 3 மில்லிமீட்டர் தகட்டை 3 மில்லிமீட்டர் உள்வளைவுடன் செங்கோணமாக மடிக்கும்போது, வெளிப்புறம் நீண்டும் உட்புறம் சுருங்கியும் போக, நீளாமலும் சுருங்காமலும் இருக்கும் நடுக்கோடு ஒன்று உட்புறத்திலிருந்து தகட்டின் கனத்தில் ஐந்தில் இரண்டு பங்கு ஆழத்தில் ஓடுகிறது. அதன் வழியே அளந்தால் வளைவின் நீளம் சுமார் 6.6 மில்லிமீட்டர். ஆகவே இரு பக்கமும் வெளியளவு 50 மில்லிமீட்டர் வரவேண்டிய ஏங்கிளுக்கு 100 மில்லிமீட்டர் வெட்டினால் தப்பு, 94.6 வெட்ட வேண்டும். ஆறு மடிப்புள்ள காப்புத் தகட்டில் இந்த 5.4 மில்லிமீட்டர் ஆறு தடவை சேர்ந்துவிட்டால், கடைசித் துளை போல்ட்டுக்கு மூன்று சென்டிமீட்டர் அப்பால் நிற்கும். இந்தக் கணக்கை ஒரு சூத்திரமும் அறியாமல், வெட்டியெறிந்த துண்டொன்றை முதலில் மடித்துப் பார்த்தே சரியாகப் பிடித்துவிடும் மேஸ்திரிமார் இருக்கிறார்கள். அவர்களுடைய அநுபவத்தை நான் பாடப்புத்தகத்துக்கு எவ்விதத்திலும் குறைத்து மதிப்பிடமாட்டேன்.

குழாய்க்கும் தண்டுக்கும் உள்ள வித்தியாசமும் அறியத்தக்கது. 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள திண்மையான இரும்புத் தண்டையும், அதே எடையை 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயாகப் பரப்பியதையும் ஒப்பிட்டால், வளைவதற்குக் குழாய் காட்டும் எதிர்ப்பு ஏழு மடங்கு. பக்கவாட்டுப் படிகளைக் குழாயில் செய்வதன் ரகசியம் இதுவே.

பாகம் தயாரானதும் பட்டறையில் ஒரு விவாதம் எழுவது வழக்கம். "பாய், இதைச் சேஸிஸோட நேரா வெல்டு பண்ணிட்டா வேலை முடிஞ்சுதே?" என்று கேட்டார் வண்டிக்காரர் ஒருவர். "வேணாம் சார், போல்ட்டுல போடலாம். நாளைக்குக் கழட்டணும்னா கட்டர் வச்சா அறுக்குறது?" என்றார் மேஸ்திரி. அவர் சொன்ன காரணம் சௌகரியத்தைப் பற்றியது; சாஸ்திர ரீதியான காரணம் இன்னும் பலமானது. வெல்டிங்கில் எழும் மின் வில்லின் உஷ்ணம் ஆயிரக்கணக்கான பாகைகள். எஃகு உருகுவதோ சுமார் 1500 பாகையில். உருகி இறுகிய கோட்டுக்குப் பக்கத்தில், உருகாவிட்டாலும் சுடப்பட்டுக் குணம் மாறிய ஒரு பட்டை உண்டாகிறது. பலம் மிக்க எஃகில் தொழிற்சாலை ஊட்டிய உறுதி அங்கே குறையலாம், அல்லது திடீரென்று குளிர்ந்து நொறுங்கும் தன்மை ஏறலாம். விரிசல் தோன்றுவது பெரும்பாலும் அந்தப் பட்டையில்தான். போதாக்குறைக்குச் சென்னையின் கடற்காற்று ஈரம் மிகுந்தது. திறந்து போட்ட வெல்டிங் ராடின் பூச்சு அந்த ஈரத்தை உறிஞ்சிக்கொண்டால், வில்லின் உஷ்ணத்தில் நீர் பிரிந்து ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து, வேலை முடிந்த பல மணி நேரத்துக்குப் பிறகு, எவரும் பார்க்காதபோது பிளவை உண்டாக்கும். குறைந்த ஹைட்ரஜன் ராடுகளை அடுப்பில் சுட்டு உலர்த்திய பிறகே உபயோகிக்க வேண்டும் என்ற விதி இதனால் ஏற்பட்டது. வண்டியில் எந்த இடத்தில் வெல்டிங் செய்தாலும் முன்னதாகப் பாட்டரியைக் கழற்றிவிட வேண்டும். இல்லையேல் வழிதவறிய மின்சாரம் எஞ்சினின் கம்ப்யூட்டரைப் பதம் பார்த்துவிடக்கூடும்.

போல்ட்டின் தலையில் 8.8 என்று பொறித்திருக்கும் எண்ணுக்கு அர்த்தம் உண்டு. முதல் எட்டு, ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் வரை இழுத்தால்தான் அறும் என்பதையும், புள்ளிக்குப் பின்னுள்ள எட்டு, அதில் நூற்றுக்கு எண்பது பங்கு வரை நிரந்தரமாக நீளாது என்பதையும் குறிக்கின்றன. 12 மில்லிமீட்டர் போல்ட்டை டார்க் ஸ்பேனரால் சுமார் 90 நியூட்டன்-மீட்டர் முறுக்கினால், அது இரு தகடுகளையும் ஏறக்குறைய நான்கு டன் விசையுடன் சேர்த்து நெரிக்கும். பாகத்தை நிறுத்திவைப்பது போல்ட்டின் உடலன்று, அந்த நெருக்கத்தினால் பிறக்கும் உராய்வு. நெருக்கம் தளர்ந்தால் தகடு அசையும். அசைந்தால் போல்ட் வெட்டுப்படும். தகடுகளுக்கு இடையில் தடிமனாகப் பெயிண்ட் இருந்தால் அது நாளடைவில் நசுங்கி நெருக்கத்தைக் கெடுக்கும். பெட்டி வடிவச் சட்டத்தை ஊடுருவும் போல்ட்டை இறுக்கினால் சுவர்களே உள்ளே அமுங்குமாதலால், நடுவில் ஒரு குழாய்த் துண்டைச் செருகுவது நிபுணர்களின் வழக்கம். எண் பொறிக்காத பழைய போல்ட்டைச் சிக்கனம் கருதிப் பொறுக்கியெடுப்பது மட்டும் வேண்டாம்.

முன்பக்கத்தில் கனமான இரும்புப் பம்பர் வைக்கும் மோகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. முன் அச்சுக்கு 90 சென்டிமீட்டர் முன்னே 80 கிலோ பம்பரைத் தொங்கவிட்டால், அச்சுகளுக்கிடையே 3.1 மீட்டர் உள்ள வண்டியில் முன் அச்சின் பாரம் 103 கிலோ கூடுகிறது. பின் அச்சில் 23 கிலோ குறைகிறது. முன் ஸ்பிரிங் தாழ்ந்து, பின்சக்கரப் பிடிப்பும் குறைகிறது. மோதலில் நசுங்கிச் சக்தியை விழுங்க வேண்டிய முன்பகுதி விறைத்துப் போவதோடு, சில பத்து மில்லி விநாடிகளுக்குள் காற்றுப்பையைத் திறக்கத் தீர்மானிக்கும் உணரியின் கணக்கும் மாறிவிடுகிறது. பாதசாரிக்கு நேரும் ஆபத்தைச் சொல்ல வேண்டியதில்லை. 2017 டிசம்பரில் மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம், இத்தகைய காப்புக் கம்பிகள் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவுக்கு விரோதமானவை என்று மாநிலங்களுக்கு எழுதியது. வண்டியின் மூல அமைப்பை மாற்றலாகாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் தீர்ப்பளித்தது. அநுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமுண்டு. வண்டியை உயர்த்துவதும் இதே சட்டத்தின் பார்வைக்கு உட்பட்டதே. அதில் ஆபத்தும் உண்டு: இடவலச் சக்கரங்களுக்கிடையே 1.57 மீட்டர் உள்ள வண்டியின் புவியீர்ப்பு மையம் 70 சென்டிமீட்டரிலிருந்து 75க்கு ஏறினாலே, கவிழாமல் திரும்பும் சக்தியைக் குறிக்கும் விகிதம் 1.12லிருந்து 1.05க்கு இறங்கிவிடுகிறது.

மழைக்காலத்தில் தியாகராய நகர் துரைசாமி சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்பதை நினைத்து, காற்றை உயரத்திலிருந்து இழுக்கும் ஸ்நார்க்கல் குழாயைப் பலர் பொருத்துகிறார்கள். சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீர் அமுங்காது. ஏறிவரும் பிஸ்டனுக்கு எதிரே அது பாறையாக நிற்க, இணைப்புத் தண்டு வளைந்துபோகும். ஆனால் குழாயின் நுனி எவ்வளவு உயரத்தில் இருந்தாலும், கீழே காற்று வடிகட்டிப் பெட்டியின் மூடியில் ஒரு கசிவு இருந்தால் போதும், அத்தனை செலவும் வீண். இதைவிட அதிகமாக மறக்கப்படுவது அச்சின் சுவாசத் துளை. ஓடிச் சூடான அச்சுப் பெட்டியில் 80 பாகையில் உள்ள காற்று, வெள்ளத்தில் முங்கி 30 பாகைக்குக் குளிரும்போது, உள்ளழுத்தம் ஏழில் ஒரு பங்கு குறைந்து, சீல்களின் வழியே தண்ணீரை உறிஞ்சிவிடும். சில நூறு ரூபாய் ரப்பர்க் குழாயை அந்தத் துளையில் மாட்டி எஞ்சின் அறை உயரத்துக்கு ஏற்றிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

பெசன்ட் நகரிலும் சாந்தோமிலும் வண்டி நிறுத்துகிறவர்கள் உப்புக் காற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். இரு முனையும் அடைத்த குழாய்க்குள் ஊசித்துளை வழியே புகுந்த ஈரம் வெளியேற வழியின்றி உள்ளிருந்தே அரிக்கும். அதற்குத் தாழ்ந்த முனையில் ஒரு வடிகால் துளை வேண்டும். துத்தநாகம் பூசிய குழாயை வாங்கினால் வெல்டிங் செய்யும் இடத்தில் பூச்சைத் தேய்த்து நீக்கச் சொல்லுங்கள். இல்லையேல் துத்தநாகம் எரிந்து எழும் புகையைச் சுவாசிக்கும் தொழிலாளிக்குக் காய்ச்சல் கண்டுவிடும்.

பட்டறையிலிருந்து வண்டியை எடுக்கும் முன் செய்ய வேண்டியவை அதிகமில்லை. ஒவ்வொரு போல்ட்டின் மீதும் பெயிண்டால் ஒரு கோடு இழுக்கச் சொல்லி, சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு அந்தக் கோடு விலகியிருக்கிறதா என்று பார்த்து, டார்க் ஸ்பேனரால் மறுபடி இறுக்குங்கள். அமைப்பை மாற்றும் வேலையாக இருந்தால், இரும்பை வெட்டும் முன்னரே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள், வெட்டிய பிறகு விசாரிப்பதில் பிரயோஜனமில்லை.