மணியடித்தால் வரிசை: மார்க்சியப் பார்வையில் நமது பள்ளிகள்

புகுமுக வகுப்பு என்றால் நம்மில் பலருக்கு இன்னமும் மனம் சுருங்கும். ஆறாம் வகுப்பில் மலாய் மொழித் தேர்ச்சி போதாத தமிழ், சீனப்பள்ளி மாணவர்கள் முதலாம் படிவத்துக்கு முன் ஓராண்டு அமரும் வகுப்பு அது. 2016இல் நானும் அமர்ந்தேன். கிள்ளானில் ஓர் இடைநிலைப்பள்ளியின் கடைசி அறை. "உங்களுக்கு இது போதும்" என்றார் ஓர் ஆசிரியர். எனக்குப் படிப்பு வராது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

பல்கலைக்கழகம் வந்த பிறகே மார்க்சியர்கள் கல்வியைப் பற்றிச் சொன்னதைப் படித்தேன். பள்ளி அறிவை மட்டும் தருவதில்லை. அவரவர் இடத்தையும் கற்றுத்தருகிறது என்றார் பிரெஞ்சுச் சிந்தனையாளர் லூயி அல்தூசர் (1970). முன்பு தேவாலயம் செய்த வேலையை இன்று பள்ளி செய்கிறது என்பது அவர் கருத்து. அமெரிக்கப் பொருளியலாளர்கள் பௌல்சும் கின்டிசும் 1976இல் இன்னும் நேராகவே சொன்னார்கள்: வகுப்பறை வேலைத்தளத்தின் சாயல். மணியடித்தால் வரிசை, மேலிருந்து உத்தரவு, கூலிக்குப் பதில் மதிப்பெண்.

இது எங்கோ அமெரிக்காவின் கதை என்று தள்ளிவிட முடியுமா? 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும். குடும்பத்தோடு ஆட்கள் வந்து தங்கினால்தானே பால்மரம் வெட்ட முடியும்! பல தோட்டங்களில் கிராணியோ கங்காணியோதான் வாத்தியார். விடியற்காலைப் பெரட்டில் தாயின் பெயரைக் கூப்பிட்டவரே பிறகு பிள்ளையின் பெயரையும் கூப்பிட்டார். தொடக்கக் கல்வியோடு பாதை முடிந்தது.

அதே காலத்தில் பிரிக்பீல்ட்சைப் பாருங்கள். அங்கே ரயில்வே குடியிருப்புகளில் வாழ்ந்த இலங்கைத் தமிழர்களில் பலர் ஆங்கிலம் படித்து அலுவலக வேலைக்குப் போனவர்கள். 1904இல் எழுந்த விவேகானந்த ஆசிரமம் இன்றும் அங்கே நிற்கிறது. பேசிய மொழி ஒன்றுதான். ஆனால் ஒரு பள்ளி குமாஸ்தாவை உருவாக்கியது, மற்றொன்று மரம் வெட்டுபவரை. இதை இனப் பிரச்சினையாக மட்டும் பேசிப் பழகிவிட்டோம். வர்க்கம் என்ற சொல்லை நமது மேடைகளில் நான் அதிகம் கேட்டதில்லை.

பால் வில்லிஸ் 1977இல் எழுதிய நூல் என்னை அதிகம் தொட்டது. இங்கிலாந்தின் தொழில்நகரம் ஒன்றில் 12 பையன்களைக் கவனித்து எழுதினார். அவர்கள் பள்ளியைக் கேலி செய்தார்கள், விதிகளை மீறினார்கள். கடைசியில் அந்த எதிர்ப்பே அவர்களைத் தொழிற்சாலை வாசலில் கொண்டு சேர்த்தது. எங்கள் வகுப்பின் கடைசி வரிசை அப்படியே கண்முன் வந்தது. அங்கே உட்கார்ந்து சிரித்த என் நண்பர்கள் இருவர் இப்போது கிள்ளான் துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறார்கள். என்னைவிடக் கணக்கில் கெட்டிக்காரர்கள்.

ஆனாலும் அல்தூசரிடம் எனக்கு ஒரு வழக்கு உண்டு. அவர் எழுத்தில் மாணவன் களிமண் போல் இருக்கிறான். என் பாட்டி தோட்டப் பள்ளியில் நான்காம் வகுப்போடு நின்றவர். பிறகு மரம் வெட்டத்தான் போனார். அந்த வகையில் கோட்பாடு சரி. ஆனால் பால் நிறுக்கும் இடத்தில் மண்டோர் எழுதும் கணக்கை எட்டிப் பார்த்துச் சரிபார்ப்பாராம். சம்பள நாளில் லயத்துப் பெண்கள் தங்கள் சீட்டுகளை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வருவார்களாம். பாட்டி ஒவ்வொன்றாக வாசித்துச் சொல்வார்.