வீராணம் நீர் தானே சென்னைக்கு ஓடுவது எப்படி?

வீராணம் குடிநீர்த் திட்டத்தில், விக்கிரவாண்டி, திண்டிவனம் வழியாகச் சென்னைக்குச் செல்லும் பெருங்குழாயில் நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் குடிநீரைக் கொண்டுசெல்ல முடியும். 1960களின் இறுதியில் தொடங்கிக் கைவிடப்பட்டு, 2004இல் புதிய வடிவில் நிறைவேறிய இத்திட்டத்தில், கொள்ளிடத்திலிருந்து வடவாற்றின் வழியே வீராணம் ஏரியை அடையும் காவிரி நீர், வடக்குத்துவில் சுத்திகரிக்கப்பட்டு, பண்ருட்டியை அடுத்த காடாம்புலியூர்வரை மட்டுமே மோட்டார்களால் தள்ளப்படுகிறது.

அங்குள்ள அழுத்தத் தணிப்புத் தொட்டியில், அதாவது குழாய்நீர் வெளிக்காற்றைத் தொட்டுத் தன் அழுத்தத்தை இழக்கும் திறந்த தொட்டியில், நீர் நிரம்பி, அதன் மட்டம் குழாய் முடியும் சென்னைப் போரூரைவிட உயரமாக இருப்பதால் எஞ்சிய சுமார் 200 கிலோமீட்டரைப் புவியீர்ப்பு விசையாலேயே கடக்கிறது. இடையில் நிலம் ஏறி இறங்குவது தடையன்று. குழாய் முழுவதும் நிரம்பியிருக்கும்வரை, உராய்வில் இழக்கும் உயரத்தைக் கழித்த பின்னும் தொட்டியின் மட்டம் மேட்டைவிட மேலிருந்தால் போதும். ஆனால் மேடுகளில் காற்று சேர்ந்தால் ஓட்டம் குறுகிவிடும் என்பதால், அங்கெல்லாம் காற்று வெளியேற்றும் வால்வுகள் தேவை.

ஏறத்தாழ 1.9 மீட்டர் விட்டமுள்ள இக்குழாயில் முழு அளவு ஓடும்போதும் நீரின் வேகம் நொடிக்கு முக்கால் மீட்டர்தான், மனித நடையைவிட மெதுவானது. ஆகவே காடாம்புலியூரை விட்ட நீர் போரூரை அடைய மூன்று நாளாகிறது. இத்தனை சிக்கனமான ஏற்பாடும் காவிரியின் மேட்டூர் அணையின் தயவில்தான் நிற்கிறது: காவிரி பொய்த்தால் ஏரி வறண்டுவிடும்.