காலம் தவறிய கணக்கு

கைப்பேசியில் அலைக்குறிக் கோடுகள் முழுமையாக நிற்கின்றன. ஆயினும் ஓடிக்கொண்டிருந்த காணொளி மங்கி, உறைந்து, நடுவே வட்டம் சுழலத் தொடங்குகிறது. அலைக்கற்றை போதவில்லை என்பதே நாம் வழக்கமாகச் சொல்லும் காரணம். வலையமைப்பில் நிகழும் கணிப்பின் விரைவு போதாமையும் காரணமாகலாம்.

முன்னாளில் கோபுரத்தடியில் நின்ற தனிப்பயன் கருவிகளே அலைகளைத் தரவாக மாற்றின. மெய்நிகர் வலையமைப்பில் அப்பணியைப் பொதுப்பயன் கணிப்பொறிகளில் இயங்கும் மென்பொருள் ஏற்கிறது. ஜப்பானின் ராக்குட்டன் மொபைல் நிறுவனம் 2020 ஏப்ரலில் இம்முறையிலேயே வணிகச் சேவையைத் தொடங்கியது. பல கோபுரங்களின் கணக்கை ஒரே நிலையத்தில் குவித்து, அதன் கணிப்பொறிகளைப் பகிரலாம். செலவு குறைவது இப்பகிர்வால். எல்லாக் கோபுரங்களும் ஒருசேர நெருக்கும்போது திணறல் நேர்வதும் இப்பகிர்வால்.

அனுப்பவும் பெறவும் தனித்தனி அலைவரிசை கொண்ட நான்காம் தலைமுறை வலையமைப்பில் காலம் 1 மில்லிநொடித் துண்டுகளாக நறுக்கப்படுகிறது. கைப்பேசி ஒரு துண்டை அனுப்பினால், 'பெற்றேன்' அல்லது 'மீண்டும் அனுப்பு' என்னும் விடை அதிலிருந்து நான்காம் துண்டில் புறப்பட்டாக வேண்டும். கணக்குக்குக் கிடைப்பது ஏறத்தாழ 3 மில்லிநொடி. ஒளியிழைப் பயணமும் அதிலிருந்தே கழியும்: 20 கி.மீ. தொலைவுக்குப் போய்வர 0.2 மில்லிநொடி.

அதற்குள் முடிக்கவேண்டியவற்றில் மிகக் கனமானது பிழைதிருத்தம். இதற்குப் பயன்படுவது, கிளோடு பெரூவும் உடனாய்வாளரும் 1993இல் அறிவித்த டர்போ குறிமுறை. அதில், இரு குறிவிலக்கிகள் தம் ஊகங்களை மாறிமாறிப் பரிமாறிச் சுற்றுக்குச் சுற்று ஐயத்தைக் குறைக்கின்றன. தெளிந்த அலையாயின் சில சுற்றுகளே போதும். இரைச்சல் மிகுந்தால் சுற்றுகள் பெருகும். ஆகவே வேலையின் அளவை முன்கூட்டி அறுதியிட இயலாது.

காலம் கடந்து வந்த சரியான விடைக்கு இங்கே மதிப்பில்லை. துண்டு கைவிடப்படும், கைப்பேசி அதையே மீண்டும் அனுப்பும், திணறும் நுண்செயலிக்கு அதே வேலை மறுபடி வந்து சேரும். காணொளி நம்மை நோக்கித்தான் வருகிறது. எனினும் பெற்றதை உறுதிசெய்யும் சிறு செய்திகள் நம்மிடமிருந்தே செல்கின்றன. அவை தாமதித்தால் வழங்கி தன் வேகத்தைக் குறைக்கிறது. காணொளி இயக்கியோ, ஒவ்வொரு படப்பகுதியும் வந்த விரைவை அளந்தே அடுத்ததன் தரத்தைத் தேர்கிறது. சேமித்த தேக்கம் வற்றினால் ஓட்டம் நிற்கிறது.

ஆதலால் அலையைப் பங்கிடுவோர் கணிப்புத்திறனையும் சேர்த்தே பங்கிட வேண்டும். நெருக்கடி வேளையில் எளிய குறிமுறையைப் பணித்தால் ஒரு துண்டில் செல்லும் தரவு குறையும், சுற்றுகளும் குறையும், விடை உரிய காலத்தில் புறப்படும். காணொளிக்கு வேண்டுவது குறைவாயினும் தவணை தவறாத வரவே.