பூச்சிக் குளிசைக்கு விலை வைத்தபோது

"சும்மா கொடுத்தால் மதிப்பிருக்காது, சின்னத் தொகையாவது வாங்க வேண்டும்" என்பது கடை நடத்தும் நம்மில் பலரின் வாய்ப்பாடு. கென்யாவின் மேற்கேயுள்ள புசியா மாவட்டத்தில் இந்தக் கணக்குப் பிழைத்தது.

அங்கே பத்துப் பிள்ளைகளில் ஒன்பது பேருக்குப் பூச்சித் தொற்று இருந்தது. 1998இல் ஒரு தொண்டு நிறுவனம் 75 ஆரம்பப் பாடசாலைகளில் படிப்படியாகப் பூச்சிக் குளிசை கொடுக்கத் தொடங்கியது. ஒரு பிள்ளைக்கான செலவு பெரிதில்லை. பாடசாலைக்கு வராமல் நிற்பது கால் பங்கு குறைந்தது. குளிசை விழுங்காத சக மாணவருக்கும் தொற்றுக் குறைந்தது. பரீட்சைப் புள்ளிகள் மட்டும் ஏறவில்லை.

2001இல் சில பாடசாலைகளில் பெற்றோரிடம் கட்டணம் கேட்டார்கள். பிள்ளையொன்றுக்குச் சராசரியாக 30 அமெரிக்க சதம். இலவசமாகக் கொடுத்த இடத்தில் 75 வீதமானோர் குளிசை எடுத்தனர். காசு கேட்ட இடத்தில் 18 வீதம்! தொகை கூடினாலும் குறைந்தாலும் வித்தியாசம் தெரியவில்லை. காசு என்ற பேச்சே போதுமாயிருந்தது. வருத்தம் கூடியவனாவது வாங்குவான் என்று நாம் நினைப்போம். அதுவும் நடக்கவில்லை.

வயிற்றுக்குள் இருப்பது கண்ணுக்குத் தெரியாது; சரக்கைக் காட்டி விற்கும் நமக்கு அது விளங்க வேண்டும்.

இந்த ஆய்வைச் செய்தவர்களில் மைக்கேல் கிரெமர் 2019இல் பொருளியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆய்வின் சில கணக்குகளில் அறிஞரிடையே வாதம் உண்டு. என்றாலும், கூடுதலாக இரண்டு மூன்று வருடம் குளிசை எடுத்த பிள்ளைகள் வளர்ந்தபின் மணித்தியாலத்துக்கு 13 வீதம் அதிகம் உழைப்பதாக 2021இல் வெளியான தொடராய்வு காட்டியது.