காரின் ஒலிபெருக்கியை மாற்றுமுன்

போடிமெட்டு, குமுளி வழியே இடுக்கி மலையேறும் அன்பர்களும், வாளையாறு கடந்து பாலக்காடு செல்லும் அன்பர்களும், அலை எட்டும் இடமெல்லாம் கொடைக்கானல் பண்பலையைக் காரில் திருப்பி வைப்பதுண்டு. அயல் மாநிலச் சாலையில் தாய்மொழி கேட்பது பெரும் ஆறுதல். அக்குரல் கரகரத்தால், “ஸ்பீக்கர் போய்விட்டது” என்று உடனே முடிவு கட்டிவிடுகிறோம். அதற்குமுன் சற்றே ஆராய்தல் நன்று.

பண்பலை வரிசைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வன. மலை குறுக்கிட்டால் தளர்வன. வளைவுக்கு வளைவு இரைச்சல் எழுந்து மறையுமாயின், குற்றம் ஒலிபெருக்கியினுடையது அன்று. கைப்பேசியில் பதிந்த பாட்டை அதே பெட்டியில் ஒலிக்கச் செய்க. அதுவும் கரகரத்தால், ஒலியை இடம் வலமாகவும் முன் பின்னாகவும் திருப்பிப் பழுதுற்றது எதுவெனக் காண்க. கதவை அசைக்கும்போது ஒலி விட்டுவிட்டு வந்தால், கீலருகே கம்பி அறுந்திருக்கக் கூடும். அதைச் சீர்செய்தால் போதும், புதிது வேண்டா.

மாற்றியே தீரவேண்டுமெனில், முதலில் அளவைப் பாருங்கள். கார்க் கதவுகளில் ஆறரை அங்குல ஒலிபெருக்கி மிகுதியும் காணப்படுவது. அகலம் மட்டும் போதாது. ஆழமும் பொருந்தாவிடில் இறங்கும் கண்ணாடி காந்தத்தில் இடிக்கும்.

அடுத்தது மின்தடை. பெரும்பாலான கார்ப் பெட்டிகள் 4 ஓம் தடைக்கு அமைந்தவை. அவற்றில் 2 ஓம் ஒலிபெருக்கியைப் பூட்டினால், மின்னோட்டம் மிகுந்து பெட்டி சூடேறும்.

மூன்றாவது ஆற்றல். அட்டையில் பெரிதாக அச்சிட்ட வாட் எண் பெரும்பாலும் கணநேர உச்சத்தையே குறிப்பது. ‘ஆர்.எம்.எஸ்.’ என்னும் எண்ணே தொடர்ந்து தாங்கும் ஆற்றலைக் காட்டும். காரோடு வந்த பெட்டி ஒரு வாய்க்கு ஏறத்தாழ 15 முதல் 20 வாட்டே தருவது. ஆகையால் உணர்திறன் மிகுந்ததைத் தேர்க. 87 டெசிபெல் உடையதற்குத் தேவைப்படும் ஆற்றலில் பாதியே, 90 டெசிபெல் உடையது அதே உரப்புடன் ஒலிக்கப் போதும்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழையையும் மறவாதீர்கள். பதப்படுத்தாத காகிதக் கூம்பு ஈரத்தை உறிஞ்சும். நுரை விளிம்பு நாளடைவில் உதிரும். பாலிபுரொப்பிலீன் கூம்பும் ரப்பர் விளிம்பும் ஈரத்தை நன்கு தாங்குவன.

பூட்டுகையில் நேர்முனை, எதிர்முனை மாறலாகாது. ஒன்று மாறினும், இரு பக்க ஒலிகளும் ஒன்றையொன்று அழித்துக் கீழ்ச்சுருதி மெலியும்.

இறுதியாக ஒரு சோதனை. அதிரும் தாளத்தைக் கேட்டு மயங்காமல், தெளிவான தமிழ் உரையொன்றைக் கடையில் ஒலிக்கச் செய்க. ல, ள, ழ மூன்றும் வெவ்வேறாகச் செவியில் விழுந்தால், அந்த ஒலிபெருக்கியை நம்பி வாங்கலாம்.