உஷார்! ‘ஆய்விலேயே நிரூபணமானது’ என்கிறார்களா?

மீட்டிங்கில் கன்சல்டன்ட் ஒருவர் ‘இது ஆய்விலேயே நிரூபணமானது’ என்று சொன்ன மாத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். நிர்வாகவியல் ஆய்வுகளில் புள்ளிவிவரத்தை வளைக்கும் பழக்கம் வேரோடிக் கிடக்கிறது.

பிரையன் வான்சிங்க், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மார்க்கெட்டிங் பேராசிரியராக இருந்தவர். உணவுப் பழக்கம் பற்றி அவர் சொன்னதை நம்பிப் பள்ளி உணவுக்கூடங்களையே மாற்றி அமைத்தார்கள். 2016-இல் அவரே ஒரு விஷயத்தை எழுதினார். பஃபே உணவகம் ஒன்றில் திரட்டிய தரவில் எதிர்பார்த்தது கிடைக்கவில்லை. விடாமல் குடைந்து பார்க்கும்படி ஆய்வு மாணவர் ஒருவரிடம் சொன்னதும் கட்டுரைகள் பிறந்தன. விடாமுயற்சிக்கு உதாரணமாகத்தான் இதைச் சொன்னார்! படித்த ஆய்வாளர்கள் பதறிப்போனார்கள். அந்தக் கட்டுரைகளில் நான்கை மட்டும் சோதித்ததிலேயே சுமார் 150 முரண்பாடுகள். 8 முதல் 11 வயதுப் பிள்ளைகளிடம் நடத்தியதாகச் சொன்ன வேறொரு ஆய்வு, உண்மையில் 3 முதல் 5 வயதுக் குழந்தைகளிடம் நடந்திருந்தது. 2018 செப்டம்பரில் ஜாமா (JAMA) மருத்துவ இதழ்கள் அவருடைய ஆறு கட்டுரைகளை ஒரே நாளில் திரும்பப் பெற்றன. முறைகேடு என்றது பல்கலைக்கழகம். வேண்டுமென்று எதுவும் செய்யவில்லை என்றார் அவர்.

குடைவதில் என்ன ஆபத்து? இல்லாத தொடர்பை இருப்பதாகக் காட்டிவிடும் வாய்ப்பு, வழக்கமான அளவுகோலில் ஒரு சோதனைக்கு 5 சதவீதம். தனித்தனியாக 20 சோதனை போட்டால், ஒன்றாவது பொய்யாகத் தேறும் வாய்ப்பு 64 சதவீதம். தேறியதை மட்டும் எழுதி, மற்றதை மறைத்து, ‘இதைத்தான் முதலிலேயே எதிர்பார்த்தோம்’ என்று கருதுகோளையும் திருத்திவிடுகிறார்கள். பிள்ளை பிறந்தபின் ‘ஆண்தான் என்று அப்போதே சொன்னேனே’ என்கிற ஜோசியம்தான் இது.

ஒரு பேராசிரியரோடு முடிந்த கதை என்றால் நான் இவ்வளவு பதற மாட்டேன். பிஎச்டி ஆய்வேடுகளையும், அவையே பின்னர் இதழ்க் கட்டுரைகளாக வந்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த ஒரு நிர்வாகவியல் ஆய்வு 2017-இல் அச்சானது. ஆய்வேட்டில், பொய்த்த ஒவ்வொரு கருதுகோளுக்கும் தேறியது 0.82. கட்டுரையில் அது 1.94! பொய்த்த கருதுகோள்கள் வழியிலேயே காணாமல் போயிருந்தன; புதியவை முளைத்திருந்தன; சிலவற்றில் தரவே மாறியிருந்தது. எம்பிஏ வகுப்பிலும் மேலாண்மைப் புத்தகங்களிலும் நம் கைக்கு வருவது அந்த இரண்டாவது வடிவம்.

ஊழியர் சம்பளத்தையோ பதவி உயர்வையோ ஓர் ஆய்வை நம்பித் தீர்மானிக்கும் முன் கேளுங்கள்: கருதுகோளைத் தரவு திரட்டும் முன்பே பதிவு செய்தார்களா? எத்தனை சோதனை போட்டார்கள், எத்தனை பொய்த்தது? மூலத் தரவு பொதுவில் இருக்கிறதா? வேறு குழு செய்தபோதும் அதே முடிவு வந்ததா? பதில் வராவிட்டால் அந்த ஃபைலைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.